கட்டை போடுகிறவன்

போன வருஷம் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. ஆயர் குரோவில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு ஜாசினில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. அப்பாவும் அம்மாவும் அப்போதுதான் பசாரிலிருந்து திரும்பியிருந்தார்கள். எங்கள் தாமான் மேட்டை வெட்டிக் கட்டியது. ரோட்டிலிருந்து வாசல் வரைக்கும் சிமெண்டுச் சரிவு. அப்பா காடியைச் சரிவில் ஏற்றி நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிரேக்கிலிருந்து அவர் காலை எடுக்கவில்லை.

அம்மா இடது பக்கக் கதவைத் திறந்து இறங்கினார். காலடியில் கிடந்த கட்டையை எடுத்துக்கொண்டு காடிக்குப் பின்னால் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். பிறகு பூட்டில் இரண்டு தட்டு தட்டினார். அப்பா காலை எடுத்தார். காடி ஓர் அங்குலம் பின்வாங்கிக் கட்டையில் உட்கார்ந்தது.

அம்மாவுக்கு அறுபத்தொரு வயது. அந்த ஓர் அங்குலம் நகரும்போது அவருடைய தலை பம்பருக்கு நேராக இருந்தது.

எனக்கு அந்தக் கட்டையை நன்றாகத் தெரியும். பால்மரத்துக் கட்டை. அப்பா அறுத்து ஒரு பக்கத்தைச் சரிவாகச் சீவியது. ஏழு வயதிலிருந்து கிட்டத்தட்ட பத்து வருஷம் அதைப் போட்டது நான்தான். நான் யூடெமில் சேர்ந்து துரியான் துங்கால் பக்கம் தங்கப்போன பிறகு யார் கட்டை போடுகிறார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"ஹேண்ட்பிரேக்க செஞ்சிடலாம்பா," என்றேன்.

"எதுக்கு? இத்தன வருஷம் ஓடலியா?"

"அம்மா குனியறாங்க."

அப்பா பதில் சொல்லாமல் மீன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்.

•

காடி 1963ஆம் வருஷத்து மோரிஸ் மைனர். 1098 சிசி எஞ்சின். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த வண்டி. பின்னால் மினியைச் செய்தவரும் அவர்தான். 1971 வரைக்கும் ஏறக்குறைய 1.6 மில்லியன் வண்டிகள் வெளிவந்தன. பிரிட்டிஷ் காடிகளில் முதன்முதலில் ஒரு மில்லியனைத் தொட்டது இதுதான். தமிழ்ப் படங்களில் நாம் பார்த்த அம்பாசடர் இதற்கு அண்ணன் முறை. அது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. மைனரையே கொஞ்சக் காலம் இந்தியாவில் 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றார்கள். இலங்கையில் இன்றும் மைனரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்களுடையது புக்கிட் ஆசகான் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவரின் வண்டி. அவர் ஓய்வு பெற்று ஊரைவிட்டுப் போகும்போது, 1987இல், அப்பா எண்ணூறு வெள்ளிக்கு வாங்கினார். அப்பா அதே தோட்டத்தில் லோரி டிரைவர். பாட்டி பால்மரம் வெட்டியவர். மலாயாவில் ரப்பரை வியாபாரப் பயிராக முதலில் நட்டது மலாக்காவில்தான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்டார். பிறகு ஆசகானில் பெரிய அளவில் நட்டார். அந்த மரங்களின் பால் உலகத்துக்கு டயராகப் போனது. வெட்டியவர்கள் நடந்துதான் போனார்கள். எங்கள் குடும்பத்தில் சொந்தக் காடியில் ஏறிய முதல் ஆள் பாட்டிதான் என்று அம்மா சொல்வார். முன்சீட்டில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, லயத்து வாசலிலிருந்து தோட்டத்துக் கோயில் வரைக்கும் போய் வந்தாராம்.

எனக்கு அந்தக் காடி பெருமையாக இருந்ததில்லை. காரணம் கட்டை. அப்பா எங்கே நிறுத்தினாலும் நான் குதித்து இறங்கிக் கட்டை போட வேண்டும். சமதரையிலும் போட வேண்டும். மாசி மகத்துக்குச் செங்கில் இருக்கும் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போவோம். கூட்டத்தில் ரோட்டோரச் சரிவில்தான் இடம் கிடைக்கும். அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தம்பி, கட்டை!" என்று கத்துவார். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையில் கட்டையோடு ஓடுவேன். தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்தவர்கள் ஒரு வருஷம் அதைப் பார்த்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பு முடியும்வரை எனக்குப் பெயர் 'கட்டை'.

அப்பாவுக்குக் காடி வேலை தெரியும். லோரிக்கே கிளட்ச் பிளேட் மாற்றியவர். மைனரின் கார்புரேட்டரை வாரம் ஒரு தரம் கழற்றித் துடைப்பார். ஹேண்ட்பிரேக்கை மட்டும் தொடமாட்டார். ஏன் என்று கேட்டால், "கட்டை இருக்கில்ல" என்பார். நான் எஞ்சினியரிங் படித்தபோது இது எரிச்சலாக மாறியது. இந்த வண்டியின் கால்பிரேக் ஹைட்ராலிக். மிதித்தால் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே குழாய் வழியாக நாலு சக்கரத்துக்கும் எண்ணெயைத் தள்ளும். இப்போதைய வண்டிகளில் இரண்டு தனித்தனி வழி உண்டு, ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். மைனரில் எங்காவது ஓர் இடத்தில் எண்ணெய் கசிந்தால் நாலு சக்கரமும் போச்சு. அப்போது மிச்சமிருப்பது கம்பியால் இழுக்கிற ஹேண்ட்பிரேக் ஒன்றுதான். அது வெறும் பார்க்கிங் சாமான் இல்லை, கடைசிக் கை. அந்தக் கை இல்லாமல் எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். விவரம் தெரிந்த மனிதர் செய்கிற காரியமா இது என்று மனதுக்குள் பலமுறை திட்டியிருக்கிறேன்.

•

அடுத்த சனிக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். சரிவில் ஜெக் வைக்கக்கூடாது. காடியைப் பக்கத்துச் சமதரைக்குத் தள்ளிக்கொண்டு போய், முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்தேன். ஜெக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையையோ தலையையோ நீட்டக்கூடாது. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். போன வருஷம் கண் ஆப்பரேஷன் செய்ததிலிருந்து குனிந்து வேலை செய்யவேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.

மைனரின் ஹேண்ட்பிரேக் அமைப்பு எளிமையானது. இரண்டு முன்சீட்டுகளுக்கு நடுவில் லீவர். அதன் அடியிலிருந்து இரண்டு கேபிள், பின்சக்கரத்துக்கு ஒன்றாகப் போகும். லீவரை இழுத்தால் கேபிள் டிரம்மின் பின்புறத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலை இழுக்கும். நெம்புகோல் உள்ளே இருக்கும் இரண்டு ஷூவையும் விரிக்கும். ஷூ டிரம்மில் உரசிப் பிடித்துக்கொள்ளும். லீவரில் இருக்கும் பல்லும் கொக்கியும் இழுத்த இழுப்பை அப்படியே பிடித்துவைக்கும். எண்ணெயும் இல்லை, கரண்டும் இல்லை.

நான் லீவரை இழுத்துப் பார்த்தேன். ஒரு தடையும் இல்லாமல் மேலே வந்தது.

"கேபிள் லூசு," என்றேன். லீவருக்கு அடியில் இருக்கும் நட்டை இறுக்க ஸ்பானாவை எடுத்தேன்.

"அத தொடாத," என்றார் அப்பா. "மொதல்ல சக்கரத்த கழட்டிப் பாரு."

இடது சக்கரத்தைக் கழற்றினேன். டிரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குருவையும் எடுத்தேன். டிரம் வரவில்லை. அப்பா விரலை நீட்டி டிரம்மில் இருக்கும் துளையைக் காட்டினார். அந்தத் துளை வழியாக ஸ்குரு டிரைவரை விட்டு உள்ளேயிருக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் ஷூ சுருங்கும், டிரம் கழன்றுவரும். வந்தது. உள்ளே லைனிங் முழுக்கக் கறுப்பாக எண்ணெய். ஆக்சில் ஓரத்து சீல் தேய்ந்து, கியர் எண்ணெய் கசிந்து ஷூவில் ஊறியிருந்தது. எண்ணெய் குடித்த லைனிங்கை எதைப் போட்டுக் கழுவினாலும் பழைய பிடிப்பு வராது. மாற்றத்தான் வேண்டும். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும்.

இன்னொன்று. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் ஊதித் துடைப்பதுதான் நம் பட்டறைகளின் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். நான் முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டேன். அப்பா சிரித்தார். "நாங்கல்லாம் எவ்ளோ ஊதியிருக்கோம்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் வலது பக்கம் போனேன். டிரம்மைத் தொடுவதற்கு முன்னால் பின்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். கேபிள் நெம்புகோலில் மாட்டியிருக்கவில்லை. இரண்டையும் சேர்க்கும் ஊசியே இல்லை. கேபிளின் நுனியை மடித்து, ஆக்சிலோடு சேர்த்துச் சன்னமான கம்பியால் நாலு சுற்று சுற்றி, முறுக்கி, முறுக்கின நுனியை உள்பக்கமாக மடக்கி விட்டிருந்தது. கை கிழிக்காமல் இருக்க அப்பா எப்போதும் கம்பியை அப்படித்தான் மடக்குவார். வீட்டு வேலியிலும் அப்படித்தான் இருக்கும்.

தானாக அறுந்துபோகவில்லை. யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை.

"என்னப்பா இது?"

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

•

அம்மா கோப்பி கொண்டுவந்தார். காடிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து குடித்தேன். அந்தக் கம்பியைப் பற்றிக் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சொன்னார்.

2001 டிசம்பர். எனக்கு ஐந்து வயது. நாலு நாளாக அடைமழை. அப்பாவுக்கு லோரி வேலை, காடியை எடுக்கவே இல்லை. லயத்துக்குப் பக்கத்து மேட்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைக் கடைசிப் பல் வரைக்கும் இழுத்து வைத்திருந்தார். "உங்கப்பாவுக்கு எப்பவும் பயம்லா, காடி உருண்டுடும்னு. ரெண்டு கையாலயும் இழுப்பாரு." ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டிக்கு நெஞ்சு வலி. பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். அப்பா எஞ்சினைக் கிளப்பி, லீவரை இறக்கிவிட்டுக் கிளட்சை விட்டார். காடி நகரவில்லை. வலது பின்சக்கரம் பூட்டினது பூட்டினபடி.

லயத்து ஆட்கள் எழுந்து வந்து தள்ளினார்கள். முன்னும் பின்னும் ஆட்டினார்கள். சக்கரம் சேற்றில் இழுபட்டதே தவிர உருளவில்லை. அப்பா மழையில் படுத்து, அடியில் ஊர்ந்து போய், குறட்டால் ஊசியை உருவி எறிந்தார். அப்படியும் விடவில்லை. சுத்தியலை வாங்கி டிரம்மைச் சுற்றிச் சுற்றி அடித்தார். கடைசியில் 'டங்' என்று ஒரு சத்தம். விட்டுவிட்டது.

"இருவது நிமிஷம் இருக்கும்," என்றார் அம்மா.

மலாக்கா ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேர்ந்தார்கள். பாட்டி மூன்று நாள் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். "ஒங்கப்பா டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. இருவது நிமிஷம் முன்ன வந்திருந்தா என்னான்னு. அதச் சொல்ல முடியாதுன்னாரு அவரு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் கேபிள இழுத்துக் கட்டிட்டாரு. அப்பறம் அந்தக் கட்டைய அறுத்தாரு."

எனக்கு அந்த ராத்திரியில் ஒன்று மட்டும் ஞாபகம் இருந்தது. நிறைய ஆண்கள் சிலுவாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு மழையில் எங்கள் காடியைத் தூக்கப் பார்க்கிறார்கள், நான் வாசலில் நின்று சிரிக்கிறேன். அது ஏதோ கனவு என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"நீ கேக்கலியே. ஏன் செய்யலன்னுதான கேட்ட."

•

மத்தியானத்துக்கு மேல் வலது டிரம்மைத் திறந்தேன். திறந்ததும் அன்றைக்கு நடந்தது என்னவென்று படிக்கிற மாதிரி தெரிந்தது. ஒன்றில்லை, மூன்று கோளாறு ஒரே நேரத்தில் சேர்ந்திருந்தது.

முதலாவது, கேபிள். உள்கம்பி உறைக்குள் துருவேறி இறுகியிருந்தது. மேலே இழுக்கும்போது மனிதனின் பலம் இழுக்கிறது, கேபிள் வருகிறது. விடும்போது இழுத்துக்கொண்டு திரும்ப உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள்தான். அதற்கு அவ்வளவு பலம் கிடையாது.

இரண்டாவது, சிலிண்டர். மைனரின் பின்சக்கரத்தில் சிலிண்டர் ஒன்றுதான். இரண்டு ஷூவையும் அதுவே தள்ள வேண்டும் என்பதால், பின்தகட்டில் ஒரு பிளவுக்குள் முன்னும் பின்னும் நகரும்படி வைத்திருக்கிறார்கள். ஹேண்ட்பிரேக் நெம்புகோலும் அதிலேதான். அந்தப் பிளவில் துருப் பிடித்தால் சிலிண்டர் போன இடத்திலேயே நின்றுவிடும்.

மூன்றாவது, மழை. ஈரமான டிரம்மில் ஷூவை அழுத்தி நாள்கணக்கில் விட்டால், இரும்புத் துரு லைனிங்கையும் டிரம்மையும் ஒட்டிவிடும். நம் ஊர் ஈரத்துக்கு இது ரொம்பச் சாதாரணம். காடியைக் கழுவி இரண்டு நாள் நிறுத்திவிட்டு எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான். அன்றைக்கு அது 'டக்' என்று விடவில்லை, அவ்வளவுதான்.

யூடெமில் மெஷின் டிசைன் பாடத்தில் டிரம் பிரேக் கணக்கு போட்டிருக்கிறேன். ஷூவின் கோணம், உராய்வு எண், எவ்வளவு விசைக்கு எவ்வளவு முறுக்கு நிற்கும் என்றெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதுவோம். எல்லாமே பிடிப்பதற்கான கணக்கு. நான் போட்ட கணக்குகளில் விடுவதற்கு ஒரு கேள்வி வந்ததாக ஞாபகம் இல்லை. திரும்ப இழுக்கிற ஸ்பிரிங் படத்தில் ஒரு சுருள் கோடாக இருக்கும், அவ்வளவுதான். அப்பா அந்தக் கணக்கின் மறுபாதியை ஓர் இரவில் போட்டுப் பார்த்திருக்கிறார். விடாத பிரேக்கும் கெட்டுப்போன பிரேக்தான்.

அதற்காக அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. பயந்து ஒரு பாதுகாப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் முதலில் ஏழு வயதுப் பையனையும் பிறகு அறுபது வயதுப் பொம்பளையையும் வைத்தார். செய்திருக்க வேண்டியது கேபிளை மாற்றுவது. அவருக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் அந்த லீவரைத் தொட அவருக்குக் கை வரவில்லை. இத்தனை வருஷமாக அவரைக் கவனமில்லாத ஆள் என்று நினைத்தேனே, அது மட்டும் தப்பு. அவர் ரொம்பக் கவனமாக இருந்ததால் வந்தது அது. இரண்டு கையாலும் இழுத்தவர்.

•

சாமான் வர மூன்று வாரம் ஆனது. கேபிள் இரண்டு, ஷூ ஒரு செட், சிலிண்டர் இரண்டு, சீல் இரண்டு, நெம்புகோல் ஊசிகள். இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நின்றுபோன காடிக்கு இன்னும் புதுச் சாமான் கிடைக்கிறது. ஒரு காலத்தில் இலங்கையிலும் மைனருக்கென்றே உதிரிச் சாமான் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்று படித்தேன்.

பழைய சாமானைக் கழற்றும்போது டிரம்முக்குள் எது எங்கே இருந்தது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் திறப்பது நல்லது. குழம்பினால் திறக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பிளவின் ஓரங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரிந்ததும் பிரேக்குக்கான கிரீஸை நகக்கண் அளவு தடவி, புதுச் சிலிண்டர் விரலால் தள்ளினால் நகர்கிறதா என்று பார்த்தேன். நகர்ந்தது. லைனிங்கில் கிரீஸ் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலிண்டர் மாற்றினதால் கடைசியில் குழாயில் இருக்கும் காற்றையும் வெளியேற்ற வேண்டியிருந்தது. அம்மா சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். நான் "மிதிங்க", "விடுங்க" என்று கீழேயிருந்து கத்தினேன். மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடித் தரைக்குக் கீழே இருப்பதால், எண்ணெய் ஊற்றவே கார்பெட்டைத் தூக்க வேண்டும். இசிகோனிஸ் மேல் எனக்கு மரியாதை குறைந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

எல்லாம் மாட்டிய பிறகு மறுபடியும் லீவர் நட்டுக்குத்தான் கை போனது. இந்தத் தடவை அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கூடவே குந்தினார்.

"கேபிள கடைசியா பாரு தம்பி. லீவர இறக்கி வையி. கேபிள் தொளதொளன்னு இருக்கட்டும். மொதல்ல சக்கரத்துல."

டிரம்மின் துளை வழியாக அட்ஜஸ்டரைத் திருப்பினேன். சக்கரம் சுற்றாமல் இறுகும்வரை திருப்பி, பிறகு சுதந்திரமாகச் சுற்றும்வரை ஒவ்வொரு சொடுக்காகப் பின்னுக்கு எடுத்தேன். மறுபக்கமும் அப்படியே. கால்பிரேக்கை நாலு தரம் மிதித்து ஷூவை நடுவில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். அதற்கப்புறம்தான் லீவரை மூன்று பல் இழுத்துவைத்து, இரண்டு சக்கரமும் ஒரேபோல இறுகும்வரை கேபிள் நட்டுகளைத் திருப்பினேன். லீவரை இறக்கினேன். இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றினேன். சுற்றின.

வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று இப்போது எனக்குப் புரிந்தது. ஷூ தேய்ந்து விலகியிருக்கும்போது கேபிளை இறுக்கி ஈடுகட்டினால், லீவர் நன்றாகப் பிடிக்கிற மாதிரி தெரியும். ஆனால் இறக்கினாலும் கேபிள் முழுக்கத் தளராது. ஷூ எப்போதும் லேசாக உரசிக்கொண்டே இருக்கும், சூடாகும், ஒருநாள் விடாது. நான் முதல் நாளே அந்த நட்டை இறுக்கியிருந்தால் அப்பா பயந்த அதே பிரேக்கைத்தான் அவருக்குத் திரும்பக் கொடுத்திருப்பேன்.

•

ஞாயிறு சாயங்காலம் காடியைச் சரிவில் ஏற்றினோம். அளந்து பார்த்திருந்தேன், எட்டடிக்கு ஓர் அடி ஏற்றம். வண்டி ஏறக்குறைய 750 கிலோ. அப்படியானால் அதைக் கீழே இழுக்கிற பாரம் 90 கிலோவுக்கு மேல். கணக்கில் பார்த்தால் புது ஷூவுக்கு அது பெரிய வேலையே இல்லை. ஆனாலும் பழைய கட்டையைச் சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். சோதனை என்றால் தோற்றாலும் ஒன்றும் ஆகக்கூடாது. அம்மாவைப் பின்னால் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

லீவரை இழுத்தேன். கரக், கரக், கரக், கரக். நாலு. நியூட்ரலில் போட்டு, காலைப் பிரேக்கிலிருந்து மெதுவாக எடுத்தேன். காடி நின்றது. ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம். கட்டைக்கும் டயருக்கும் நடுவில் அதே ஒரு சாண்.

"புடிக்குதுப்பா!"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தார். கால்பிரேக்கை மிதித்துக்கொண்டு, லீவரின் நுனிப் பொத்தானை அழுத்தி, இறக்கினார். கதவுக்கு வெளியே தலையை நீட்டி வலது பின்சக்கரத்தைப் பார்த்தார். காலை லேசாக எடுத்தார். காடி உடனே நகர்ந்தது. மிதித்தார். இழுத்தார். மறுபடியும் இறக்கினார், தலையை நீட்டிப் பார்த்தார். நகர்ந்தது. எத்தனை தரம் அப்படிச் செய்தார் என்று நான் எண்ணவில்லை. ஒரு தடவைகூட அது பிடிக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை.

இப்போது அம்மா குனிவதில்லை. பசாரிலிருந்து வந்ததும் காய்கறிப் பையோடு நேராக வீட்டுக்குள் போய்விடுகிறார். கட்டையை நான் தூக்கிப் போடலாம் என்றிருந்தேன், அப்பா விடவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மழைக்காலத்தில் நாள்கணக்கில் நிறுத்தப்போகும் வண்டிக்கு ஹேண்ட்பிரேக் போடாமல் இருப்பதே நல்லது. சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. பழைய காடி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் சொல்வது அதுதான். தினப்படிக்கு லீவர், தூங்கப்போகும் வண்டிக்குக் கட்டை.

ஒரு கட்டை இருந்தது. டிசம்பர் மழை தொடங்குவதற்கு முன்னால் இன்னொன்றை நானே அறுத்தேன்.